அரக்கோணத்தில் இல்லாதவர்

சுந்தரி இரண்டு ஊசிகளை எதிரெதிராக ஒரே துளையில் விட்டு இழுக்கிறாள். நூல் இறுகும்போது தோல் கிறீச்சிடுகிறது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விரல்களில் மாட்டியிருக்கிறாள்; இல்லாவிட்டால் மெழுகு நூல் சதையை அறுத்துவிடும். ஷூவின் மேல்பாகத்துக்கு ஆம்பூரில் 'அப்பர்' என்று பெயர். காலையில் ஒரு மூட்டை வீட்டுக்கு வரும். தைத்து முடித்தால் மாலையில் போகும். தைக்கும்போது அவள் தலையைத் தூக்குவதில்லை. காது மட்டும் கட்டிலில் கிடக்கும் தகப்பனாரின் மூச்சில் இருக்கும். சளி கட்டினால் சத்தம் மாறும். மாறினால் ஊசியைத் தோலிலேயே குத்திவிட்டு எழுந்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்டுவாள். பிறகு வந்து விட்ட துளையில் தொடங்குவாள்.

தகப்பனார் வேதாசலத்துக்கு எண்பத்து மூன்று வயது. தோல் மண்டியில் உழைத்த உடம்பு. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு துண்டு துண்டாக வருகிறது. புத்தியில் குறை இல்லை. இவ்வளவு காலம் படுத்திருப்பவரின் முதுகில் ஒரு புண் கிடையாது. பார்த்துக்கொள்பவளைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒலிபெருக்கியில் "அரக்கோணம் வழியாக" என்று வந்தால் போதும், கிழவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஒரு அடி அடிப்பார்.

"தூ... அவன் ஊரு."

"ஆவட்டும் நைனா. அவன் பண்ணதுக்கு ரயிலு இன்னா பண்ணும்?" என்பாள் சுந்தரி.

'அவன்' என்பது வேதாசலத்தைப் பெற்ற தகப்பன். பெயர் மார்க்கபந்து, விரிஞ்சிபுரத்துக்காரர், அந்த ஊர்க் கோயில் சாமியின் பெயர். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரு லீவில் வந்து ஆம்பூர் பட்டம்மாளைக் கட்டிக்கொண்டார். அடுத்த லீவில் கைப்பிள்ளையாக இருந்த வேதாசலத்தைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார். அதோடு சரி.

பட்டம்மாள் பிள்ளையோடு பிறந்த வீட்டில் இருந்தாள். பட்டாளத்து ரயில் எது நின்றாலும் ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாக விசாரிப்பாள். ஒருநாள் வண்டி நகரும்போது ஒரு சிப்பாய் தலையை வெளியே நீட்டிக் கத்தினான், மார்க்கபந்து அரக்கோணத்தில் இருக்கிறாரென்று. இங்கிருந்து இரண்டு மணி நேரத்துத் தூரம். மறுநாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ஜங்ஷன் முழுக்கத் தேடினாள். கண்டவர் இல்லை. இட்லிக்காரி ஒருத்தி சிரித்தாளாம்: "பட்டாளத்துக்காரனுங்க இங்கியும் ஒரு குடும்பம் வெச்சினு கீறானுங்க. நீ எத்தினியாவதும்மா?"

அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் மூன்று தலைமுறை தங்கிவிட்டது. இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு வராதவன் என்றால் வேறு என்ன? பள்ளிக்கூடத்தில் வேதாசலத்துக்குப் பட்டப்பெயரே 'அரக்கோணம்'. பட்டம்மாள் கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. சாகும்போது மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுமங்கலியாகத்தான் தூக்கினார்கள். "அவனுக்குச் சொல்லி அனுப்ப வேணாமா?" என்று யாரோ கேட்டதற்கு, "வந்தா அவனையும் சேத்து எரிப்பேன்" என்றார் மகன். ஆடி அமாவாசைக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் இலை போடுவார்கள், மார்க்கபந்துவைத் தவிர. உயிரோடு இருப்பவனுக்கு யார் படையல் போடுவார்கள்?

சுந்தரிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது சாக்கு வைத்து அரக்கோணம் போவாள். கல்யாணம், காதுகுத்து, யாருடைய கருமாதியானாலும் சரி. போய் மூக்கு மூக்காகப் பார்ப்பாள். தகப்பனாருக்கு நடுவில் எலும்பு புடைத்த மூக்கு. அந்த ஊரில் அப்படி ஒரு மூக்கு அகப்பட்டால் அது தன் சித்தப்பன் வழி என்று கணக்கு.

அப்பர் மூட்டை கொண்டுவரும் ஷஹீன் பானு இதை விடுவாளா?

"இன்னாடி, மறுபடியும் அரக்கோணமா? அங்க தோஸ்த் யாராச்சும் கீறானா?"

"தோஸ்த் இல்லக்கா, சித்தப்பன்."

"உன் பாட்டன் மூக்க வுட்டுட்டுப் போனானோ இன்னாவோ, நீ போற வீட்ல எல்லாம் ஆம்பளைங்க மூஞ்சிய மூடிக்கினு ஓடறாங்க!"

இந்த ஆனியில் டாக்டர் கிழவரின் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதயம் களைத்துவிட்டது என்றார். சுந்தரி பதறவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. பாட்டன் செத்தாரா, எப்போது செத்தார் என்று தெரியாமல் இவரும் போய்விட்டால், பிறகு தெரிந்து யாருக்கு லாபம்? அந்தக் கசப்பை வயிற்றில் வைத்துக்கொண்டே இவர் போகக்கூடாது. பாட்டன் லீவில் கொண்டுவந்து வைத்த அலுமினியத் தட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் விளிம்பில் எண் கொத்தியிருக்கும். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள். தகப்பனார் பக்கத்தில் ஷஹீன் பானுவை உட்காரவைத்தாள்.

பரணிதரன் பட்டாளத்தில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் சிக்கலுக்கு ஜனங்கள் அவரைத் தேடி வருவார்கள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் போரில் இறந்தவர்களின் பதிவைத் திறந்தார். பெயரைத் தட்டினால் வரவில்லை. எண்ணைத் தட்டியதும் வந்தது. வெள்ளைக்காரன் 'மார்கா' தனி, 'பாண்டு' தனியாக எழுதி வைத்திருந்தான்.

"போயிருக்காரும்மா. நாப்பத்தி நாலு, பிப்ரவரி. ரோடு, பாலம் போடற பிரிவு. அரக்கான்ல."

"அரக்கோணத்துலதான் செத்தாரா? அப்ப அங்கதான் இருந்திருக்காரு!"

"அரக்கோணம் இல்லம்மா. அரக்கான். பர்மாவுல கடலோரம். ஜப்பான்காரனோட சண்ட நடந்த எடம்."

சுந்தரி அவர் வாயையே பார்த்தாள். "இன்னொரு தபா சொல்லுங்க."

"அரக்கான்."

நகரும் ரயில், எஞ்சின் சத்தம், ஜன்னலில் ஒரு தலை. பட்டம்மாளுக்குத் தெரிந்த உலகத்தில் 'அரக்' என்று தொடங்க ஒரே ஊர்தான் இருந்தது.

தந்தி வந்திருக்குமே என்று கேட்டாள். வந்திருக்கும் என்றார் அவர், விரிஞ்சிபுரத்துக்கு. பட்டாளத்தில் சேரும்போது கல்யாணம் ஆகாததால் தகவல் சொல்லப் பாட்டன் தன் தாயின் பெயரைக் கொடுத்திருந்தார், அதை மாற்றவில்லை. தாய் அந்த வருடம் அம்மை கண்டு போய்விட்டது சுந்தரிக்குத் தெரியும். பூட்டின வீட்டு வாசலில் நின்று தபால்காரர் திரும்பியிருப்பார்.

"பொணம்?"

"கெடைக்கல. ரங்கூன் பக்கத்துல ஒரு தூண்ல பேரு வெட்டியிருக்கு. அவ்ளோதான்."

பஸ்ஸில் சுந்தரி அழவில்லை. அரக்கோணத்தில் தான் உற்றுப் பார்த்த ஒவ்வொரு மூக்கும் நினைவுக்கு வந்தது. ஒரு டீக்கடைக்காரரிடம் உறவு கொண்டாடி இரண்டு தீபாவளிக்கு முறுக்கு வேறு கொடுத்தனுப்பியிருந்தாள். அவரும் வாங்கித் தின்றார்.

வாசலிலேயே ஷஹீன் பானு விசாரித்தாள். சுந்தரி சொன்னதைக் கேட்டுவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லாதடி. இத்தினி வருஷம் அந்தக் கோவத்துலதான் அவரு எழுந்து ஒக்காந்தாரு. அதையும் புடுங்கிட்டா மனுசன் எதப் புடிச்சினு கெடப்பாரு?"

"தாங்காம போனா போவட்டும்க்கா. பொய்யோட போவக்கூடாது."

சாயங்காலம் கஞ்சியைக் கொடுக்கும்போது சொன்னாள். நாலு வாய் உள்ளே போகும்வரை காத்திருந்து, வாயைத் துடைத்துவிட்டு, புரையேறாத நேரம் பார்த்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"நைனா, பாட்டன் அரக்கோணத்துல இல்ல. எப்பவும் இல்ல. பர்மாவுல அரக்கான்னு ஒரு ஊரு. அங்க சண்டையில செத்துட்டாரு. ஆயா காதுல தப்பா விழுந்துடுச்சி."

"பொய்."

"தட்டுல இருக்கற நம்பர வெச்சுப் பாத்தாங்க. நீ நடக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு."

 ஒலிபெருக்கியில் "அரக்கோணம் வழியாக" என்று வந்தது. ரயிலும் வந்து நின்றது, போனது. கிழவரின் இடது கை கட்டில் சட்டத்தின்மேல் போய், அடிக்காமல் அங்கேயே கிடந்தது.

"எத்தினி... வயசு?"

"யாருக்கு?"

"நைனாவுக்கு."

எண்பத்து மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் தன் தகப்பனுக்கு முதல்முறையாகச் சொன்னார். சுந்தரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இருபத்தி ஆறு."

"சின்னப்... பையன்."

"ஆமா. நம்ம நவநீதனவிட சின்னவரு." நவநீதன் சுந்தரியின் மகன். சென்னையில் வேலை பார்க்கிறான். தாத்தா இன்னும் அவனை 'கொயந்த' என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மா... பொட்டு வெச்சினு..."  கோணின பக்கத்தில் எச்சில் வழிந்தது, கண்ணிலிருந்தும் வழிந்தது. சுந்தரி ஒரே துணியால் இரண்டையும் துடைத்தாள். மீதிக் கஞ்சியை அவர் குடிக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலையில் வெந்நீர் வைத்து, உடம்பு துடைத்து, துணி மாற்றினாள். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கன்னத்தையும் தாடையையும் மழித்தாள். ரேசரைக் கழுவப் போனபோது வேதாசலம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடு."

"இன்னாத்த நைனா?"

இடது கையைத் தூக்கி மீசையைத் தொட்டுக் காட்டினார். வெளுத்து, அடர்ந்து, ஓரங்களில் முறுக்கின மீசை. பட்டம்மாள் செத்தபோது தலையை மொட்டை போட்டுக்கொண்டவர் அதன்மேல் கத்தியை விடவில்லை. தகப்பன் இருக்கிறவன் மீசை எடுக்கக் கூடாதென்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

 சுந்தரி புது பிளேடு மாட்டினாள். தலைமாட்டில் நின்று, மீசை நனைய நனையச் சோப்பு தேய்த்தாள். மழிக்க வாகாக வேதாசலம் மேலுதட்டை உள்ளே மடித்து இறுக்கினார். இடது பாதி மட்டும் இறுகியது. வலது பாதியை அவள் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.