பள்ளத்தாக்குப் படத்தில் ஒரு பெண்

போன வாரம் சேலத்தில், என் சிநேகிதரின் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. யுத்தம் வந்ததிலிருந்து போட்டோ காகிதம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. யார் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள்?

அன்று அவருக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. சீமைக்குக் கப்பலேறிவிட்ட ஒரு துரையின் பங்களாச் சாமான்களோடு ஏலத்தில் எடுத்தது. உள்ளே கண்ணாடி நெகட்டிவ்கள், அவற்றின் பிரிண்டுகள். எல்லாம் மேட்டூருக்கு மேலே, மலைகளுக்கு நடுவே காவிரி வளைந்து வந்த அந்தப் பள்ளத்தாக்கு... அடடா, என்ன அழகு! அணை கட்டித் தண்ணீர் ஏறியபின் அத்தனையும் ஆழத்தில் கிடக்கிறது. சிநேகிதர் ஒரு படத்தை எடுத்துக் கடை வாசலில் மாட்டினார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் அதன் முன்னால் வந்து நின்றார். நின்றவர் நகரவே இல்லை. பெயர் காளியப்பன். ஐம்பது வயதிருக்கும். தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்றுதான் அவருடைய பழைய ஊராம். துரைக்குக் கேமராப் பெட்டி சுமந்ததும் அவர்தானாம்!

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உங்கள் வீடு எது, கோயில் எது என்று அடுக்கினேன். அவர் எதையும் காட்டவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு புளியமரம். அதனடியில், மலையின் உயரம் தெரியட்டும் என்று துரை நிறுத்திவைத்த ஒரு பெண். இடுப்பில் குடம். நமக்கு முதுகு.

"எங்கூட்டுக்காரிங்க" என்றார்.

படம் எடுத்த மறு வருஷமே மனைவி காலராவில் போய்விட்டாளாம். வேறு படம் கிடையாது. வர வர முகமே நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்றார். பிறகு, கூச்சத்தோடு கேட்டார்:

"ஏனுங்க... அந்தக் கண்ணாடியத் திருப்பிப் புடிச்சா மொகம் தெரியாதுங்களா?"

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். சிநேகிதர் நெகட்டிவைத் தேடி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்புறம் திருப்பினார். வலப்பக்கம் இருந்த மலை இடப்பக்கம் போயிற்று. அவள் மட்டும் முதுகைக் காட்டியபடியேதான் நின்றாள்.

காளியப்பன் அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நாந்தானுங்க திரும்பி நிக்கச் சொன்னேன். படம் புடிச்சா ஆயுசு கொறைஞ்சிரும்னாங்க. அதான், மொகத்தக் காட்டாதேன்னேன்."

பிரிண்டைக் கழற்றிக் கொடுத்தோம். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இந்த ஆயுசுப் பயத்தை இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நக்கலடித்து எழுதியவன்தான் நான். மூடநம்பிக்கைதான், இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் இனிமேல் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

அவருடைய ஊரை அணை கொண்டுபோயிற்று. அவள் முகத்தைக் கொண்டுபோனது, அவள் நூறு வயது இருக்கவேண்டும் என்ற ஆசை.