நாலு புரிக் கயிறும் திரும்பி வராத பிலிமும்

ஸ்லைடு போட்டுத் தருகிறேன் என்று ஒரு பெண் தன் ஆராய்ச்சியில் எடுத்த எக்ஸ்ரே பிலிமை வாங்கிப் போய்த் திருப்பித் தராத ஐயா, நீங்கள் செய்தது களவு. அந்தப் பிலிம் இல்லாமல் தமிழரசி அம்மணி ஆய்வேட்டைக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஆய்வகங்களுக்கு உப்பும் கண்ணாடிக் குழாயும் விற்கிற தொழில் என்னுடையது: சோதனை பலித்தால் அவர்கள் மூளை, பலிக்காவிட்டால் என் சரக்கு. மொபெட்டில் பெட்டி கட்டிக்கொண்டு கோவையில் காலேஜ் காலேஜாக ஏறி இறங்குகிற சக வியாபாரிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. நான் பள்ளிக்கூடம் பாதியில் நின்றவன். வாயாலும் கோபத்தாலும் மேலே வந்தவன். அந்த வாயை அடைத்தவர் தமிழரசி ஒருவர்தான்.

ரெண்டும் உப்புத்தானே

தாராபுரத்துக் குடியானவர் வீட்டுப் பெண் அவர். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. முதல் தடவை லித்தியம் குளோரைடு கேட்டார். என்னிடம் பொட்டாசியம் குளோரைடுதான் குவிந்து கிடந்தது. "ரெண்டும் உப்புத்தானுங்க அம்மணி, பாதி வெலைக்குத் தாரேன், எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. என் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றின் நுனியைப் பிரித்துக் காட்டினார். டி.என்.ஏ. சாதாரணமாக இரண்டு புரி. அதில் குவானின் என்கிற எழுத்து கொத்துக் கொத்தாக வருகிற இடங்களில், முக்கியமாகக் குரோமோசோமின் நுனிகளில், அது மடிந்து நாலு புரியாக நிற்குமாம். அந்த நாலு புரியைத் தேடி வந்து பிடித்துக்கொள்கிற புரதங்களும் உண்டாம். அப்படி ஒரு புரதத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சி. "பொட்டாசியம் நடுவுல போய் உக்காந்தா நாலும் கெட்டியா நிக்குமுங்கண்ணா. லித்தியத்துக்கு அது நிக்காது. நிக்காத எடத்துல என்ர புரதம் புடிக்குதா இல்லியான்னும் பாக்கோணுமில்லீங்களா? உங்களுக்குத்தான் ரெண்டும் உப்பு!"

மீட்டரின் கால்

கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. லித்தியம் போட்ட குழாயிலும் நாலு புரி நின்றுவிட்டதாம். "உங்க சரக்குல பொட்டாசியம் கலந்திருக்குதுங்க" என்றார் தமிழரசிக்கு வழிகாட்டியான பேராசிரியர். எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறியது. நேரே போய் ஆய்வக வாசலில் நின்று கத்தினேன். அவரும் விடவில்லை.

தமிழரசி எங்கள் இருவர் பக்கமும் சேரவில்லை. என் பாட்டிலிலிருந்தே உப்பை எடுத்துப் புதிதாகக் கரைத்தார். கரைசலின் புளிப்பு அளவு பார்க்கிற மீட்டரின் கம்பியை வழக்கம்போல் அதில் முக்கவில்லை. ஒரு சொட்டைத் தனியே எடுத்து, புளிப்புக்கு நிறம் மாறுகிற காகிதத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் குழாயில் நாலு புரி நிற்கவில்லை. மீட்டர் கம்பிக்குள் பொட்டாசியம் கரைசல் இருக்கிறது, முக்குகிறபோதெல்லாம் அது கசிகிறது என்று அப்புறம் விளக்கினார். பேராசிரியர் அந்தக் கம்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருசமா இந்தக் காலை எல்லாத்துலயும் முக்கிட்டிருந்தனேம்மா! ஏனுங்க, கோவிச்சுக்காம ஒரு காபி குடிச்சுப்போட்டுப் போங்க."

கோட்டைமேட்டு ஈரல்

அந்தப் புரதம் கடையில் கிடைக்காது. ஆட்டு ஈரலிலிருந்து அவரே பிரித்தெடுத்தார். ஈரலுக்குச் சூடு ஆறுவதற்குள் ஐசில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பேரத்துக்கு நான் போனேன். கோட்டைமேட்டில் கறிக்கடை வைத்திருக்கிற பாய் எனக்குச் சளைத்தவர் அல்ல. கடையில் இருக்கிற அத்தனை ஈரலும் வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவையும் அரைச்சு என்னங்க எடுப்பாங்க?"

"கண்ணுக்கே தெரியாதுங்க பாய். அவ்வளவு துளியூண்டு."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட வெலை பேசலாமுங்க. அந்தப் புள்ள பொறுமைக்கு நான் என்னத்தப் பேசறது? எடுத்துட்டுப் போங்க."

ஓரத்தில் ரெண்டு எழுத்து

கூழ்த் தகட்டில் மின்சாரம் விட்டு டி.என்.ஏ.வை ஓடவிட்டு, ஓடிய தடத்தை எக்ஸ்ரே பிலிமில் பிடிப்பார்கள். கடைசியில் அதில் படம் விழுந்தது. புரதம் பிடித்த டி.என்.ஏ. ஓட முடியாமல் மேலேயே கறுப்பாக நின்றது; லித்தியம் போட்ட வரிசையில் பிடிபடாமல் கீழே ஓடியிருந்தது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சொற்பொழிவுக்கு வந்திருந்த வெளியூர்ப் பெரியவர், ஐயா, நீங்கள்தான், ஸ்லைடு போட்டுத் தருகிறேன் என்று அதை ஆசையாக வாங்கிப் போனார். கடிதம் போட்டும் பதில் இல்லை. புரதமும் தீர்ந்துபோயிருந்தது.

போன மாதம், அவிநாசி ரோட்டுக் கல்லூரியிலிருக்கிற என் வாடிக்கைக்காரர் ஒருவர் சென்னையில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்தார். அங்கே அதே படம் திரையில் விழுந்ததாம். வடக்கே தன் ஆய்வகத்தில் செய்தது என்றாராம், பேசிய அதே பெரியவர். ஓரத்தில் தமிழரசி பேனாவால் 'லி' என்றும் 'பொ' என்றும் தமிழில் எழுதியிருந்ததை மட்டும் அவர் மறைக்க மறந்துவிட்டார்.

ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிறேன், சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று குதித்தேன். தமிழரசி ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "நெசமா இருந்தா மறுக்காவும் வருமுங்கண்ணா. வரலீன்னா, அந்தப் படம் அவருக்கே இருக்கட்டும். நீங்க பாய்கிட்ட ஈரலுக்குச் சொல்லிப்போடுங்க."

அவருக்கு மறுபடி வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐயா, பிலிமையும் தபாலில் அனுப்பி, அடுத்த மேடையில் தமிழரசி என்கிற பெயரையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்; பேரத்தாலேயே பிழைத்த நான் இந்த ஒன்றில் மட்டும் துளியும் குறைத்துக்கொள்வதாக இல்லை.