கொல்லைக்குப் போவணும்

என் மாமனார் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்ததிலிருந்து, அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்வார். மாமியார் காலமான பிறகு சுவரைப் பார்த்துச் சொல்வார். அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அப்படி இருந்த மனிதர் ஒரு நாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்று, "கொல்லைக்குப் போவணும்" என்றார். வேட்டி ஏற்கெனவே நனைந்திருந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஞாபகம் தப்பிப்போவதை அப்போது யாரும் நோய் என்று சொல்லிக் கேட்டதில்லை. வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும், வேலைதான் முடியாது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்பக்கம், கிணறும் வாழையும் இருக்கிற இடம். செஞ்சியில் அதைத் தோட்டம் என்பார்கள். இங்கே கொல்லை என்றால் ஊருக்கு வெளியே மானாவாரி நிலம், மல்லாட்டை போடுகிற நிலக்கடலைக் காடு. ஆனால் கொல்லைக்குப் போவது என்றால் இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம்தான், வயிற்றுக்காகப் போவது. அதனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். கையைப் பிடித்து வீட்டின் பின்னால் கூட்டிப்போனேன். அங்கே கீற்றுத் தட்டி கட்டி மறைத்த இடம் ஒன்று இருந்தது, பெண்களும் குழந்தைகளும் போவதற்கு. அவரை உட்காரவைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வேன். ஒன்றும் நடக்காது. எழுந்துவிடுவார். கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்த உடனே எல்லாம் நடந்துவிடும்.

தினமும் இதே கூத்துதான். என் வீட்டுக்காரர் காலையிலும் சாயங்காலமும் அப்பாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிடுவார். நடுவில் அவர் கடைவீதியில் மல்லாட்டை வியாபாரத்துக்குப் போய்விட்டால் நான்தான். மாமனார் வேட்டியை மருமகள் அவிழ்ப்பதா என்று கூசிக்கொண்டு முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் கோவணம் கட்டிவிட முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அவரும் கண்ணை மூடிக்கொள்வார். வெட்கத்தை மட்டும் அவர் மறக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பழைய வேட்டிகளை எல்லாம் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருந்தேன். கோணிமேல் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் பாயைப் போட்டு, பாய்மேல் துணியை விரிப்பேன். வெயில் காலமாக இருந்தால் ஊரைச் சுற்றிக் கிடக்கிற பாறைகளில் எதன்மேல் போட்டாலும் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். மழையில் கோட்டை மலையே கண்ணுக்குத் தெரியவில்லை, துணி எங்கே காய்வது? அடுப்புக்குமேல் கொடி கட்டித் தொங்கவிட்டேன். சோறு வடிக்கும்போது கஞ்சி வாசனையோடு அந்த வாடையும் வரும். துவைத்துத் துவைத்து விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், ரசத்தில் கை பட்டால் எரியும். அவர் செத்துப்போகவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு நாள் முழுக்க யாரும் என்னைக் கூப்பிடாமல் படுத்துத் தூங்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் வந்து பார்த்தாள். அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்றாள். கொல்லைக்குப் போவணும் என்று வாய் திறந்து சொல்லத் தெரிகிறது, கூட்டிக்கொண்டு போனால் போகமாட்டேன் என்கிறார், வந்து பாயில் போகிறார் என்றால் அது வீம்புதானே என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்புறம், மத்தியானத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துவிடு என்று யோசனை சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். நாங்கள் சமணர்கள். விளக்கு வைத்தபின் சாப்பிடமாட்டோம். குடிக்கிற தண்ணீரில் இருக்கிற பூச்சிக்குக்கூட நோகக்கூடாதென்று அதை வெள்ளைத் துணியில் வடிகட்டுகிற வீடு. அந்த வீட்டில் ஒரு வயசானவருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் தலை மறைந்ததும் அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். அதற்கான துணியையும் நான்தான் துவைத்தேன்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் இடைவெளி விட்டபோது மல்லாட்டை பிடுங்கினார்கள். களத்தில் காயப்போட முடியாததால் மண்ணும் கொடியுமாகக் கொண்டுவந்து கூடத்தில் குவித்தார்கள். வியாபாரிக்குப் பேசி வைத்த சரக்கு. மறுநாள் நான் கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தால், மாமனார் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், வேட்டியை ஒழுங்காகத் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தார். தட்டி மறைவில் ஒரு நாளும் நடக்காதது அங்கே நடந்து முடிந்திருந்தது. வியாபாரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாட்டுக் கொட்டகையப் பெருக்கி வையி. நாளையிலேந்து நைனா அங்கயே இருக்கட்டும்."

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை. கொட்டகை தோட்டத்தின் கோடியில் இருந்தது, ஒரு பக்கம் கூரை ஒழுகும். கல் சுமந்து இந்த வீட்டைக் கட்டியவர் மாடுகளோடு படுப்பதா என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் நான் சொன்னது வேறு. கொட்டகைக்கும் நான்தானே மழையில் நனைந்துகொண்டு போவணும் என்றேன். காலையில் பார்க்கலாம் என்றார். மாமனார் கொட்டகைக்குப் போக இன்னும் ஒரே ஒரு பகல்தான் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது.

காலையில் மழை இல்லை. கொல்லையில் மீதி இருந்த மல்லாட்டையை எடுத்துவர வண்டி கிளம்பியது. மாமனாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன் என்றேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. விடியுமுன்னே கூடத்தில் அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகியிருந்தேன், அது காய ஆள் இல்லாத வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப்போக, எங்கள் வண்டி ஓரமாக நின்று நின்று போயிற்று. வழியெல்லாம் அவர், "கொல்லைக்குப் போவணும், கொல்லைக்குப் போவணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போய்க்கிட்டுத்தான் இருக்கோம் மாமா, வாயை மூடிக்கிட்டு வாங்க என்று எரிந்து விழுந்தேன். நான் கத்திய சத்தம் என் காதிலேயே ஒரு மாதிரி இருந்தது.

கொல்லையில் வண்டி நின்றதும் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். வரப்புமேல் ஏறி, வழுக்குகிற இடத்தில் கவனமாக ஒதுங்கி, பனைமரங்களுக்குப் பின்னால் போனார். எங்கேயாவது ஓடிவிடப்போகிறாரே என்று நான் பின்னால் ஓடினேன். வண்டிக்காரர் என்னைத் தடுத்தார். மாமனாரோடு பல காலம் அந்த நிலத்தில் பாடுபட்டவர் அவர்.

"நில்லுங்கம்மா. பெரியவரு கொல்லைக்குப் போயிருக்காரு. தெனம் அங்கதான் போவாரு."

அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் பனைகளுக்கு அந்தப் பக்கம் ஓடையில் தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்டது. கால் கழுவிக்கொண்டு, வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, அவர் பாட்டுக்கு வரப்பில் நடந்து வந்தார். வேட்டி உலர்ந்திருந்தது. வந்து வண்டி நிழலில் உட்கார்ந்து ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாலிப வயசிலிருந்து விடிந்ததும் நிலத்துக்குப் போய், ஒதுங்கி, ஓடையில் கழுவி, அப்புறம் வேலையைத் தொடங்கிய மனிதர். அவருக்கு நிலத்துக்குப் போவதும் அதற்குப் போவதும் ஒன்றுதான். கிணற்றுக்கும் அடுக்களைக்கும் பக்கத்தில், பெண்கள் போகிற தட்டி மறைவில், மருமகள் காவல் நிற்க உட்காரச் சொன்னால் உடம்பு எப்படிக் கேட்கும்? அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அடக்க முடியாதபோது பாய் நனைந்திருக்கிறது. மல்லாட்டைக் குவியல் வந்ததும், மண் வாசனையில் கொல்லைக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதியாகக் குந்திவிட்டார். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அழுதேன். பாவம் என்று அழுதேனா, அத்தனை துணியும் வீணாகத் துவைத்தோமே என்று அழுதேனா தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார், பிறகு சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைப் பேச்சு அதன்பின் எழவில்லை. மறுநாளிலிருந்து கடை திறக்குமுன் தானே வண்டி கட்டி அப்பாவைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். எல்லாம் சரியாகிவிட்டதென்று இல்லை. சிறுநீர் அவர் வசத்தில் இல்லை, அந்தத் துணிகள் எப்போதும்போல இருந்தன. ஆனால் பெரிய வேலை குறைந்தது. நான் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

அடுத்த வருஷம் அவரால் வண்டியில் ஏற முடியவில்லை. கொல்லையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று பார்த்தேன். தோட்டத்துக் கோடியில் ஒரு வண்டி நிலத்து மண்ணைக் கொட்டச் சொல்லி, காய்ந்த மல்லாட்டைக் கொடியைச் சுற்றிலும் பரப்பினேன். அவரைத் தெருக்கதவு வழியாக வெளியே கூட்டிவந்து, சந்து வழியாக மெதுவாகச் சுற்றி, பின்கதவு வழியாக அங்கே சேர்ப்பேன். எதிரில் வருகிறவர்கள் எங்கே என்று கேட்டால், கொல்லைக்கு என்று அவரே சொல்வார். சில நாள் பலித்தது. சில நாள் சந்திலேயே முடிந்துவிடும்.

கடைசியில் படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். கூடத்தில்தான் படுத்திருந்தார். கொல்லைக்குப் போவணும் என்று கேட்பதும் நின்றுபோயிற்று. கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்த அந்தப் பேச்சு நின்றதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலை துணி மாற்றப் போனேன். அடியிலிருந்த கோணிவரை நனைந்து கிடந்தது. எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அலுப்பு. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கொல்லைக்குப் போய்ட்டு வந்துட்டேம்மா" என்றார்.

"ஓடையில தண்ணி போவுதா மாமா?" என்று கேட்டேன்.

"நெறையப் போவுது" என்றார்.

நான் வெந்நீர் எடுத்துவந்து அவருக்குக் கால் கழுவிவிட்டேன்.