பாப்பாவின் பீஸுக்கு ஏலம் கேட்டது

அன்று வந்திருந்தவர்கள் இவ்வளவு பேர்.

சீட்டு அக்கா. மூலத்தோப்பில் அவர் வீட்டு முன்னறையில்தான் ஏலம்.

கண்டக்டர் அண்ணன். ஓய்வு பெற்றுவிட்டார். பஸ்ஸைத்தான் விட்டார், பேச்சை விடவில்லை.

தேங்காய்க் கடைக்காரர். அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்திருக்கும்.

மாமி. அம்மா மண்டபம் ரோட்டில் நான் தண்ணீர் கேன் போடும் அடுக்குமாடியில் இருப்பவர். ஒரு நாளும் ஏலம் கேட்டதில்லை. சுண்டலுக்கும் கழிவுக்கும் வருவார்.

என் மச்சினன். மனைவியின் தம்பி. வீடு உறையூர். தென்னூரில் செல்போனுக்குக் கவர் விற்கிறான். அவன் அங்கே எதற்கு வந்தான் என்று எனக்குப் புரியவில்லை.

நான்.

அக்காவையும் சேர்த்து மொத்தம் இருபது பேர் சீட்டு. மாதம் மூவாயிரம். அறுபதாயிரம் சேரும். வராதவர்கள் வாட்ஸப்பில் கைகூப்பி அனுப்புவார்களாம். என்னிடம் பட்டன் போன். எனக்கு யாரும் கைகூப்பியதில்லை.

சீட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுபதாயிரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று ஏலம் கேட்கவேண்டும். அதற்குப் பெயர் தள்ளு. அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளியதில் மூவாயிரம் அக்காவுக்கு. மிச்சத்தை இருபதாகப் பிரித்து, அவரவர் தவணையில் கழித்துக்கொள்ளலாம். அதுதான் கழிவு. ஆகவே ஏலம் கேட்கிறவன் வயிறு எரியும். கேட்காதவர்களுக்கு இனிக்கும்.

நான் கேட்க வந்தது பாப்பாவின் பீஸுக்காக.

போன வருடம் விஜயதசமி சமயத்தில் நானும் மனைவியும் ஒரு தனியார் ஸ்கூலுக்குப் போய் விசாரித்தோம். அடுத்த ஜூனில் முதல் வகுப்பு. நான் படித்தது ஐந்தாவது வரை. எனக்கு யாரும் பீஸ் கட்டியதாக நினைவில்லை. அதனால் பீஸ் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

கவுண்ட்டரில் ஒரு பெண் இருந்தார். நல்ல பெண். சிரித்துக்கொண்டே பேசினார்.

"பீஸ் இருபத்தி நாலாயிரம்தான் சார்."

"சரிங்க."

"டெர்ம் பீஸ் தனி. நாலாயிரம்."

"சரிங்க."

"புக்கு, நோட்டு அஞ்சாயிரத்து இருநூறு. யூனிபார்ம், ஷூ மூவாயிரத்து எண்ணூறு. எல்லாம் இங்கயேதான் வாங்கணும்."

"சரிங்க."

"ஸ்மார்ட் கிளாஸ் ரெண்டாயிரத்து ஐநூறு."

மனைவி என் விலாவில் இடித்தாள். கேட்கச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"அதுல என்னங்க பண்ணுவாங்க?"

"ஸ்கிரீன்ல பாடம் வரும் சார்."

"அப்ப டீச்சர்?"

"டீச்சர் அந்த இருபத்தி நாலுல இருக்காங்க சார்."

"சரிங்க."

"வேன் வேணுமா? ஒன்பதாயிரம்."

பாப்பா வாசலில் நின்ற மஞ்சள் வேனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் சரி என்றேன். துண்டுச்சீட்டில் கூட்டிக் கொடுத்தார். நாற்பத்தெட்டாயிரத்து ஐநூறு. மே மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு கேனில் எனக்கு நிற்பது பதினைந்து ரூபாய். மூவாயிரத்துச் சொச்சம் கேன் தூக்கினால் ஒரு முதல் வகுப்பு. வெளியே வந்து மனசுக்குள் போட்ட கணக்கு இது.

"என்னங்க, முடியுமா?" என்றாள் மனைவி.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

முடியும் என்றுதான் கிளப்பினேன். அடுத்த மாதமே சீட்டு அக்காவிடம் புதுச் சீட்டில் சேர்ந்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. பணம் வந்தால் கொடுக்கப் போகிறேன்.

மாதாமாதம் ஏலத்தைக் கவனித்தேன். தள்ளு ஒன்பது, பத்து என்றுதான் போனது. பத்து என்றே வைத்துக்கொண்டேன். கையில் ஐம்பது வரும். பீஸ் போக ஆயிரத்து ஐநூறு மிச்சம். அதில் பாப்பாவுக்குத் தண்ணீர் பாட்டில். தண்ணீர் விற்கிறவன் பிள்ளை பாட்டில் இல்லாமல் போகக்கூடாது.

கடைசித் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம்தான் நான் முதலில் சொன்ன ஏலம்.

மச்சினன் என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தான்.

"வாங்க மாமா. நீங்களா?"

"ம்."

"சும்மாதான் வந்தீங்களா?"

"ம். நீ?"

"நானும் சும்மாதான்."

சும்மா வந்தவர்கள் இரண்டு பேரும் ஏலத்துக்கு நேராக உட்கார்ந்தோம்.

அக்கா பெருமாள் படத்துக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். "ஐயாயிரத்துல ஆரம்பிக்கிறேன். சொல்லுங்க."

"ஆறு," என்றார் தேங்காய்க் கடைக்காரர்.

"ஏழு," என்றான் மச்சினன்.

"எட்டு," என்றேன்.

பத்து வந்ததும் தேங்காய்க் கடைக்காரர் கை உதறினார். "நமக்கு வேணாம்ப்பா. மாமனும் மச்சானும் விளையாடுங்க."

அவன் பதினொன்று என்றான். பொங்கலுக்கு வந்தபோது ஒரு புது பைக் படத்தைப் போனில் காட்டிக்கொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. பைக்குக்குத்தான் வந்திருக்கிறான். என் பிள்ளை படிப்பில் இவன் பைக் ஏறுகிறது.

"பன்னெண்டு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, பன்னிரண்டில் வேன் போய்விட்டது. சரி. வேன் இல்லாமல் முப்பத்தொன்பதாயிரத்து ஐநூறு போதும். இன்னும் எட்டாயிரத்து ஐநூறு வரை இடம் இருக்கிறது.

"பதிமூணு," என்றான்.

"பேஷ்!" என்றார் மாமி. "ஏறட்டும், ஏறட்டும். ரெண்டும் நல்ல கொழந்தேள்."

"உள்ள இடம் இருக்கு, முன்னாடி போங்க, முன்னாடி போங்க," என்றார் கண்டக்டர் அண்ணன்.

பதினான்கு. பதினைந்து. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் கேட்டான். நானும் காலண்டரைப் பார்த்தே சொன்னேன். தேங்காய்க் கடைக்காரர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அது பெரிய விஷயம்.

பதினேழு. பதினெட்டு.

"மாப்ள, பைக்கு அடுத்த மாசம் வாங்கக்கூடாதா?" என்றேன். அன்று நான் பேசிய பெரிய வாக்கியம் அதுதான்.

"என்ன பைக்கு மாமா? நீங்கதான் வண்டி மாத்தப் போறீங்க போல. பழைய மொபெட்டுக்கு என்ன கேடு?"

"பத்தொன்பது."

"இருபது."

"இருபதாயிரத்து ஐநூறு."

அதுதான் என் எல்லை. அதற்கு மேல் போனால் பாப்பா ஸ்மார்ட் இல்லாமல்தான் கிளாஸில் உட்காரவேண்டும்.

"இருபதாயிரத்து எழுநூறு."

நெற்றி வியர்த்தது. துண்டால் துடைத்துக்கொண்டேன்.

"இருபத்தொண்ணு."

இந்தச் சீட்டு இருபத்தொன்றுக்குப் போனதாக யாரும் கேட்டதில்லை. அக்கா கையைத் தூக்கினார்.

"ஒரு தரம்..."

"அக்கா, ஒரு நிமிஷம், ஒரே ஒரு போன்." மச்சினன் போனை எடுத்தான். கவர் விற்கிறவன், அவன் போனுக்கு மட்டும் கவர் கிடையாது. காதுப் பக்கம் கீழே விழுந்து உடைந்து ஸ்பீக்கரில்தான் பேசமுடியும்.

"அக்கா, இருபத்தொண்ணுக்குப் போயிருச்சு. விட்டுடவா?"

போனிலிருந்து குரல் வந்தது. "விடாதடா! எவன்டா அவன், மனசாட்சியே இல்லாம ஏத்திக்கிட்டே போறவன்? புள்ளகுட்டிக்காரனா அவன்?"

எனக்குத் தெரிந்த குரல். காலையில் எனக்கு இட்லி வைத்த குரல்.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அன்று முதல் தடவையாக.

"மாமாதான்," என்றான் போனில்.

"எந்த மாமா?"

"உன் வீட்டு மாமா."

போன் கட்டானது.

"ரெண்டு தரம், மூணு தரம்," என்றார் அக்கா. கையைத் தொடையில் தட்டினார். சூடம் எப்போதோ அணைந்திருந்தது.

விஷயம் வெளியே வர நேரமாகவில்லை. அவன் பெயரில் இருந்தது என் மனைவியின் சீட்டு. நான் சேர்ந்த அதே மாதம், அதே அக்காவிடம், அதே பீஸுக்கு அவளும் சேர்ந்திருக்கிறாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே வீட்டுச் சீட்டு," என்றான் மச்சினன். "மறுபடி அஞ்சாயிரத்துலேருந்து வைக்கலாமே?"

"அதெப்படி!" என்றார்கள் மற்ற மூன்று பேரும் ஒரே குரலில்.

"ஸ்டேஜ் தாண்டியாச்சு தம்பி," என்றார் கண்டக்டர் அண்ணன். "இனிமே டிக்கெட்ட மாத்த முடியாது."

"பெருமாள் முன்னாடி சூடம் ஏத்திக் கேட்டது," என்றார் மாமி. "கேட்டது கேட்டதுதான்."

"உங்களுக்கு ரெண்டு பேர் விஷயமும் தெரியும்ல?" என்றேன் அக்காவிடம்.

"தெரியும்."

"சொல்லக்கூடாதா?"

"ஒருத்தர் சீட்ட இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் எங்கிட்ட கிடையாதுங்க. அதனாலதான் எங்கிட்ட இருபது பேர் இருக்காங்க." சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தார்.

வீட்டுக்குப் போனேன். மச்சினனும் பின்னாலேயே வந்தான். அவள் தையல் மிஷினில் புடவைக்கு ஃபால் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"புள்ளகுட்டிக்காரன் வந்துட்டேன்," என்றேன்.

மிஷின் நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"ஸ்கூல் வாசல்ல முடியுமானு கேட்டேன். நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்க. முடியாதுன்னுதானே அர்த்தம்? இவர் வாயத் திறக்கறதுக்குள்ள பாப்பா காலேஜ் போயிரும்னு நானே சீட்டுப் போட்டேன்."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பியிருப்பேன்.

"மாசம் மூவாயிரம் ஏது உனக்கு?"

"பாதி ஃபால் அடிச்ச காசு. பாதி உங்க வண்டில ஒட்டியிருக்கே ஸ்கேன் அட்டை, அது."

அந்த அட்டை அவள் கணக்குக்குத்தான் போகிறது. ஒட்டியது நான். என்னிடம் அந்த மாதிரிப் போன் இல்லையே. இப்போதெல்லாம் சனங்கள் ரொக்கம் கொடுப்பதே குறைந்துபோனது என்று நானும் ஏழெட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஆக, மாமா ஒரு கையால இன்னொரு கைய ஏலத்துல அடிச்சிருக்காரு," என்றான் மச்சினன்.

"நீ வாய மூடுடா. இருபத்தொண்ணு வரைக்கும் இழுத்தியே, எதிர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு போன் பண்ணிச் சொல்லத் தெரியாது?"

"மாமாவுக்குத் தெரியவே கூடாதுன்னு நீதானேக்கா சொன்ன!"

அது நியாயம். அவனுக்குக் காபி போட்டாள்.

மூவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். கையில் வருவது முப்பத்தொன்பதாயிரம். வேன் இல்லாமல் பீஸ் முப்பத்தொன்பதாயிரத்து ஐநூறு. ஐநூறு குறைகிறது.

"இருங்க," என்றாள். "கழிவு எவ்வளவு?"

இருபத்தொன்றில் அக்காவுக்கு மூன்று போக பதினெட்டாயிரம். இருபதாகப் பிரித்தால் தொள்ளாயிரம். இந்த மாதத் தவணைக்கு அவளும் மூவாயிரம் எடுத்து வைத்திருந்தாள், நானும் வைத்திருந்தேன். எங்களுக்கு இரண்டு சீட்டு. ஆயிரத்து எண்ணூறு திரும்ப வந்தது. ஊரில் யாருக்கும் அந்த மாதம் எங்கள் அளவுக்குக் கழிவு இல்லை.

"லாபம்தான் மாமா," என்றான் மச்சினன். அவன் அக்கா ஃபால் துணியைச் சுருட்டி அவன்மேல் எறிந்தாள். அவள் சீட்டு அப்படியே இருக்கிறது. அதை அடுத்த வருடப் பீஸுக்கு என்று வைத்தோம். ஏலத்துக்கு அவளே போவது என்றும் முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பணம் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் கட்டினோம். அதே பெண். அதே சிரிப்பு.

"டைரி, ஐடி கார்டு, டை, பெல்ட் ஆயிரத்து இருநூறு சார்."

"சரிங்க," என்றேன்.

"இது அன்னைக்குச் சொல்லலையே?" என்றாள் மனைவி.

"அன்னைக்கு நீங்க கேக்கல மேடம்."

சரியான இடத்துக்குத்தான் பிள்ளையை அனுப்புகிறோம் என்று தோன்றியது. இவர்களும் எங்களைப் போலத்தான்.

கட்டியது போக நூறு ரூபாய் மிச்சம். பாப்பா தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டது. நீல நிறம்.

வேனுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் கவலையாக இருந்தது. ஸ்கூல் திறந்த அன்று காலை வண்டியில் கேன் ஏற்றினேன். பின்னால் கம்பிச் சட்டத்தில் நான்கு, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒன்று. ஒரு நடைக்கு ஐந்து. அதுதான் வழக்கம். முன்னால் இருந்த கேனை இறக்கிக் கீழே வைத்தேன். பாப்பா யூனிபார்மோடு அந்த இடத்தில் ஏறி நின்றுகொண்டது. ஹார்னை அடித்துப் பார்த்தது. வேன் பேச்சே எடுக்கவில்லை.

ஸ்கூல் வாசலில் மஞ்சள் வேன்களுக்கு நடுவில் நிறுத்தினேன். பாப்பா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அம்மா மண்டபம் ரோட்டுக்குப் போய், கேன்களை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினேன்.

மாமி கதவருகே நின்றார்.

"ஏண்டாப்பா, எப்பவும் இந்த மாடிக்கு அஞ்சுன்னா? இன்னிக்கு எத்தனை கொண்டு வந்திருக்கே?"

"நாலு."