பொட்டு வைத்த பதினாறாவது கல்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு டிரைவரும் நானும் மோட்டார் காரில் சேலத்தை விட்டோம். யுத்த காலம்; பெட்ரோலுக்குக் கூப்பன். தையல் மிஷின் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். பெட்ரோல் போடுகிற இடத்திலெல்லாம் மீட்டர் காட்டும் மைலை மைல் புத்தகத்தில் எழுத வேண்டும். நாமக்கல் அதிகாரி அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதக் கூப்பன் தருவார். கணக்கு உதைத்தால், பெட்ரோலைக் கள்ளத்தனமாக விற்றேன் என்று பெயர் வரும். கூப்பன் போனால் மோட்டார் போச்சு, அதோடு வேலையும் போச்சு.

எட்டு மணிக்கு ராசிபுரம். இரண்டு காலன் பெட்ரோல் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தேன். சேலத்தில் எழுதிய அதே எண்ணில் மீட்டர் நின்றிருந்தது! கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்; அசையவில்லை.

"மைல்கல்லைப் பாத்து எழுதிக்கலாமுங்க," என்றார் டிரைவர் கந்தசாமி.

வந்த வழியே நடந்தோம். கல் இருந்தது, எண்ணைத்தான் காணோம். சாலைக்காரர்கள் பூஜை போட்டு, சந்தனத்தைக் கஞ்சத்தனமில்லாமல் அப்பியிருந்தார்கள். நகத்தால் சுரண்டப் போனேன்.

"ஏனுங்க சாமி, பொட்டு வெச்ச கல்லைச் சொரண்டலாமுங்களா?" மாலையைச் சரிசெய்து மறுபடி சந்தனம் வைக்க வந்த சாலை மேஸ்திரி செங்கோடன் அதட்டினார். "என்னையக் கேட்டாச் சொல்ல மாட்டனுங்களா? சேலத்திலிருந்து பதினாறாங் கல்லு. பங்க்குக்கு இன்னும் மூணு பர்லாங்குங்க."

அப்படியே எழுதினேன். சாட்சிக்கு, சந்தனம் காயாத கட்டைவிரலை அவர் புத்தகத்தில் அந்த வரிக்கு அருகே அழுத்தினார். புத்தகம் மணத்தது, என் கவலை தீரவில்லை. நாமக்கல் சத்திரத்தில் ஓரணாக் காபிகூடக் கசந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி முன் நின்றேன். மஞ்சள் ரேகையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இது ஆருதுங்க?"

நடந்ததை மென்று விழுங்கிச் சொன்னேன்.

"செங்கோடன் சொன்னாருங்களா? அப்பச் சரிங்க. எங்க ஆபீஸ் மோட்டாருக்கு மீட்டர் செத்து ஒரு வருசமாச்சு. நாங்களும் அவரைக் கேட்டுத்தான் எழுதறமுங்க."

கூப்பனை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சென்னையில் என் தெரு எத்தனையாவது மைலில் இருக்கிறதென்று கேட்டால் எனக்கே தெரியாது.

மீட்டரைப் பழுதுபார்த்துக்கொண்டு மாலையில் திரும்பினோம். ராசிபுரம் பங்க்கில் கந்தசாமி, அங்கே நின்றிருந்த மேஸ்திரி செங்கோடனிடம் மிச்சச் சந்தனத்தைக் கேட்டு வாங்கி, மீட்டர் கண்ணாடி முழுக்கப் பூசினார்.

"இனி நிக்காதுங்க."

பெட்ரோல் போட்டு, எழுதக் குனிந்தேன். எண் சந்தனத்துக்குள் இருந்தது. நான் சுரண்டவில்லை. 'கல் பதினாறு, மூன்று பர்லாங்கு' என்று எழுதி, புத்தகத்தை மேஸ்திரியிடம் நீட்டினேன்.