பூவரசு இலை மூட்டைக்குப் பின்னால்

தமயந்தி கடலோரத்துக் கிள்ளை கிராமத்தில் பிறந்தவள். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கன்னடம் பேசும் பொம்மசந்திராவில் இறால் குட்டைகளுக்கு இலை மருந்து செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். பூவரசு இலையையும் உமரிக் கீரையையும் ஊறவைத்து வடிக்கும் அந்தச் சாற்றின் நாற்றம் குளித்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவளுக்கு அதில் வெட்கமில்லை, கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆன்டிபயாடிக் கொட்டாமலே கிருமியை அடக்கும் சாறு என்று நம்பித்தான், ஊரில் குட்டை வைத்திருக்கும் அண்ணன் இராஜமாணிக்கத்தையும் வாங்கவைத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் ஒரு டிரம்கூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது என்பது முதலாளி சுஹாஸின் கட்டளை. அதனால், எப்போதும் பூட்டிக் கிடக்கும் கலவை அறையையும் துப்புரவு வேலை பார்க்கும் சந்திரம்மா சாவி வாங்கித் திறந்துவிட்டாள்.

“மேடம், இலை மூட்டைக்குப் பின்னாடி நாலு டிரம் இருக்கு. பேரு தெரியாம செவுத்தப் பார்த்து திருப்பி வெச்சிருக்காங்க. அதுக்கும் பொட்டு வெச்சுட்டேன்.”

தமயந்தி ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். இறாலுக்குப் போடவே கூடாதென்று தடை செய்த ஆன்டிபயாடிக். இந்த அறையிலிருந்து வந்த சாறு சோதனைத் தட்டில் கிருமியைக் கொன்றபோதெல்லாம் எப்படிப் பூரித்துப்போனாள்! சீ என்றிருந்தது.

ஆரத்தித் தட்டோடு வந்த சுஹாஸின் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். அவன் சிரித்தான்.

“வெறும் இலை எங்க மேடம் வேலை செய்யுது? ஸ்வல்ப, கொஞ்சம் சப்போர்ட், அஷ்டே, அவ்ளோதான். பூஜை நாள்ல டென்ஷன் ஆகாதீங்க,” என்று பொரிப் பொட்டலத்தை நீட்டினான்.

படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அவள் பொட்டலத்தை வாங்காமல் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அந்த மருந்தக் குட்டையில போடாதீங்க. அதுல ஆன்டிபயாடிக் கலந்திருக்கான் பாவி. எறாவ யாருக்கும் விக்காதீங்க.”



“நேத்தே புடிச்சு வித்துட்டனே பாப்பா. லாரிக்குப் போனது போக மிச்சத்த நம்ம தெருவே வாங்கிச்சு. எங்க தமயந்தி செஞ்ச மருந்துல வளந்த எறா, புள்ளைங்களுக்கு பயப்படாம குடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

தமயந்தி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். பூவரசு நாற்றம்தான் அடித்தது.