பாடகனை மாற்றச் சொன்னார்கள்

மயக்க மருந்து டாக்டர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு பாட்டையும் உருப்படியாக ஆரம்பிக்க முடியாது. "ஆரம்பிக்கலாமா?" என்று சர்ஜன் கேட்க, "ம்" சொல்லியே பழகிய கூட்டம். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் மாநாட்டின் கடைசி நாளன்று இந்தக் கூத்து. ஒத்திகை என்பது அன்று மத்தியானம் சாப்பாட்டை அள்ளி விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம். அதற்கு முன் ஒரு நாளாவது யாராவது வீட்டில் பாடிப் பார்ப்பார்களா? மாட்டார்கள்.

நான் கீபோர்டு. டிரம்ஸ் ஒரு பஞ்சாபிக்காரர், கிட்டார் ஒரு வங்காளப் பெண். பழைய ஹிந்திப் பாட்டெல்லாம் பாடுவது என் சிநேகிதன். தில்லி கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழன். ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில், இருபத்தைந்து வருஷமாக இருவரும் வேலை பார்க்கிறோம். நல்ல குரல்தான். ஆனால் இரண்டு வருஷமாகச் சுருதி எங்கேயோ, அவன் எங்கேயோ. போன வருஷம் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் சபைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு இறங்கினான்.

இந்த வருஷம் மாநாடு தில்லியிலேயே. எங்கள் ஆஸ்பத்திரியே வந்து உட்காரும். பாடகனை மாற்றியாக வேண்டும், அதை நீதான் சொல்ல வேண்டும் என்று மற்ற இருவரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மைக் என்றால் அவனுக்கு உயிர். அதைப் பிடுங்க நான்தான் கிடைத்தேனா?

ஹோட்டலில் ஒரு சின்ன ஹாலில் ஒத்திகை. முதல் பாட்டிலேயே தன் வேலையைக் காட்டிவிட்டான்.

"சுருதியக் கேட்டுப் பாடேம்ப்பா!"

"கேட்டுத்தான் பாடறேன். அரே, நீ வாசிம்மா."

"என்னத்தக் கேட்ட? நான் குடுக்கறது ஒண்ணு, நீ எடுக்கறது ஒண்ணு."

"அச்சா, அச்சா. டென்ஷன் ஆகாத. ஜல்தி, அடுத்த சரணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மொத்தச் சுருதியும் அரைக் கட்டை இறங்கிவிடும். கொஞ்சமாவது உறைக்கட்டும் என்று, சரணத்தின் நடுவில் அழுத்தினேன். டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். கிட்டார்ப் பெண் கையை எடுத்துவிட்டாள். இவன் பாடிக்கொண்டே போனான். மறுபடி அழுத்தினேன், இன்னும் அரைக் கட்டை கீழே. கண்ணை மூடி, கையை வேறு ஆட்டிக்கொண்டு, பழைய இடத்திலேயே ஜம்மென்று பாடினான். அந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் வந்தது.

நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம். நாடித் துடிப்புக்கு ஒரு 'பீப்' கேட்டுக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த 'பீப்' சுருதி இறங்கும். ஊசி மருந்து எடுக்க நாங்கள் திரும்பியிருந்தாலும் காது பிடித்துக்கொள்ளும். எங்கள் வேலையில் பாதி அந்தக் காதுதான்.

மற்ற இருவரையும் டீ குடிக்க அனுப்பினேன்.

"ரெண்டு தடவ சுருதிய இறக்கினேன். உனக்குத் தெரியல."

"எப்போ?"

"தியேட்டர்ல பீப் இறங்கினா தெரியுதா?"

அவன் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினான்.

"பதில் சொல்லு!" என்று கத்தினேன்.

"ஆறு மாசமா மானிட்டர விட்டுக் கண்ணையே எடுக்கறதில்ல. ஒண்ணும் ஆகல. ஒரு கேஸ்லகூட ஒண்ணும் ஆகல."

"அடப் பாவி! பக்கத்துத் தியேட்டர்ல மாடு மாதிரி நிக்கறேனே, எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

திட்டத் திட்ட எனக்குத்தான் அழுகை வந்தது. இரண்டு வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். பல்லைக் கடித்ததைத் தவிர என்ன செய்தேன்? மயக்க மருந்து டாக்டராம்!

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம மொத கேஸ் ஒரு கொழந்த," என்றான். "டான்சில். நாலு வயசு. நீ எடுத்துக்கறியா?"